கித்தா விரிப்பும் கிராணியின் கால்சட்டையும்

சிலிபின் வட்டாரத்தில் கூடாரம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் பட்டறையைத்தான் காட்டும். கல்யாணமோ கருமாதியோ கோயில் திருவிழாவோ, ஈப்போவில் எங்கே கூடாரம் நின்றாலும் அது என் கை தைத்ததாகத்தான் இருக்கும். படித்தது ஆறாம் வகுப்பு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எந்தத் துணி மழைக்குத் தாங்கும் என்று படித்தவர்கள்தான் என்னிடம் வந்து நிற்கிறார்கள். அப்படிப்பட்ட என்னுடைய முதல் சாமானுக்குக் கிடைக்க வேண்டிய பரிசை ஒரு மனிதர் தன் பின்பக்கத்தால் கெடுத்தார். இன்றைக்கு நினைத்தாலும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

எழுபதுகளில், லகாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருந்தோம். எங்கள் பள்ளிச் சாரணர் முகாம் தோட்டத்துத் திடலிலேயே மூன்று நாள் நடக்கும் என்றார் வாத்தியார். இரண்டு பேருக்கு ஒரு கூடாரம். அடியில் விரிக்க ஈரம் ஏறாத விரிப்பு வீட்டிலிருந்து வரவேண்டும். கடைசி நாள் காலையில் தோட்டத்துத் துரை வந்து பார்த்து, நல்ல கூடாரத்துக்கு ஒரு டார்ச் லைட் கொடுப்பார். மற்ற பையன்களின் வீட்டில் சீனர் கடைக்குப் போய் பிளாஸ்டிக் சீட் வாங்கினார்கள். அதோடு வேலை முடிந்தது. என் அப்பாவுக்கு அது ஆகவில்லை.

“பிளாஸ்டிக்கா? ரெண்டு நாள்ல கிழியும்லா. நான் செஞ்சு தாரேன் பாரு.”

“எல்லாரும் கடையிலதாம்ப்பா வாங்குறாங்க.”

“எல்லார் அப்பனும் ஸ்டோர்லயா வேல பாக்குறான்?”

அப்பாவுக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்துத் தகடாக்குவார். பிறகு புகைவீட்டில் காயத் தொங்கவிடுவார். கடைசி உருளையில் தோட்டத்து முத்திரை செதுக்கியிருக்கும். ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எழுத்தும் ஒவ்வொரு தகட்டிலும் பதிந்துதான் வெளியே வரும். காற்றுக் கொப்புளம் விழுந்ததால் கழித்த ஆறு தகடுகளை அப்பா எடுத்துக்கொண்டார். ஈரத்தோடு ஓரத்தின் மேல் ஓரம் வைத்துக் கட்டையால் தட்டி ஒன்றாக்கி, புகைவீட்டின் பின்மூலையில் தொங்கவிட்டார். ஒரு வாரம் நான் நச்சரித்தேன். கேட்கும்போதெல்லாம் “இன்னும் பொக ஏறல” என்பார். முகாமுக்கு முதல் நாள்தான் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தேன் நிறம். பன்றிக்குட்டிக் கனம். நாற்றம் மூன்று வீடு தாண்டியது. மூலைகளில் கயிறு கோக்கத் துளை போட்டது நான். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி நான்கு துளை. ஆகவே விரிப்பையே நான்தான் செய்தேன் என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லிவந்தேன்.

அம்மா அதைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்து கதவைச் சாத்தினாள்.

“ஒரு டின்னு ஒட்டுப்பால் எடுத்தான்னு போன வருசம் ஒருத்தன சட்டிபானையோட லாரியில ஏத்துனாங்களே, மறந்துட்டீங்களா? வேல போனா வீடும் போச்சு.”

“அது திருட்டு. இது கழிச்சுப் போட்டதுலா” என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். “இங்க பாரு. இந்தப் பக்கந்தான் மேல. முக்கோணம் இருக்குறது மண்ணப் பாத்துக் கெடக்கணும். வெளங்குச்சா?”

இதையே பத்துத் தடவை சொன்னார். சாப்பிடும்போது சொன்னார், படுக்கும்போது சொன்னார், காலையில் பல் விளக்கும்போதும் சொன்னார். எனக்குச் சலித்துப்போனது. ஆறு முக்கோணமும் வரிசையாக நிற்கிற பக்கம்தான் அழகு. அதை மண்ணுக்குக் காட்டி யாருக்கு என்ன லாபம்?

என்னோடு படுக்க வேண்டிய பையன் நாற்றம் தாங்காமல் வேறு கூடாரத்துக்கு ஓடினான். ஓடட்டும். இரண்டாம் நாள் பெய்த மழையில் பிளாஸ்டிக்காரர்கள் எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். என் முதுகில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மூன்றாம் நாள் காலை, சாமான்களை எல்லாம் கூடாரத்துக்கு வெளியே பரப்பி வைக்கச் சொன்னார்கள். விரிப்பை வெயிலில் போட்டு, என் நான்கு துளைகளிலும் முளை அடித்தேன். ஆறு முக்கோணமும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன.

துரைக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு கிராணி வந்தார். தோட்டத்து ஆபீசில் பேர் போடுகிற குமாஸ்தா. ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் வெட்டுவார். லயத்தில் அவரைத் திட்டாத வாய் இல்லை. ஒருநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் அப்பா அவரை ஏசியதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. நாற்காலியைக்கூடக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

விரிப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“யாருலா செஞ்சது?”

“நாந்தாங்கய்யா!”

திரும்பிப் பார்த்தார். துரை இரண்டு கூடாரம் தள்ளி வாத்தியாரோடு வந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான், அந்த மனிதர் வெள்ளைக் கால்சட்டையோடு என் விரிப்பின் நடுவில் சப்பென்று உட்கார்ந்தார்.

“ஐயா, எந்திரிங்க! தொர வர்றாரு!”

“தெரியும்லா. வாய மூடிட்டு அந்தக் கம்பளிய இப்படி இழு.”

நான் இழுக்கவில்லை. அவரே இழுத்து ஒரு பக்கம் போட்டார். என் பையை இன்னொரு பக்கம் வைத்தார். மிச்சத்துக்குக் காலை நீட்டினார். ஒரு முக்கோணம்கூடத் தெரியவில்லை. துரை வந்து குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கிராணி தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முனகினார். “சார், என் விரிப்பு!” என்று நான் வாயெடுத்ததும் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. துரை அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார். டார்ச் லைட், கிழிந்த பிளாஸ்டிக்கில் படுத்த ஒருவனுக்குப் போனது.

துரையின் கார் திடலைத் தாண்டிய பிறகுதான் கிராணி எழுந்தார். விரிப்பைத் தானே சுருட்டிக் கோணியில் திணித்தார்.

“நேரா ஒங்கப்பன்ட்ட குடு. வழியில எவனுக்காச்சும் விரிச்சுக் காட்டுன, கால ஒடிச்சிருவேன்.”

வீட்டுக்குப் போய் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

“எந்தப் பக்கம் மேல இருந்துச்சு?”

சொன்னேன். அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அறை விழும் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன், விழவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போனார். சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் கையில் அந்த வெள்ளைக் கால்சட்டை இருந்தது. வெயிலில் இளகிய கித்தா அதன் பின்பக்கம் முழுக்கப் பழுப்பாக அப்பியிருந்தது. அம்மா இரண்டு நாள் குழாயடியில் சவர்க்காரமும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள்.

“என் டார்ச்ச கெடுத்தவருக்கு நாம ஏம்மா தொவைக்கணும்?”

“தொவைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டா.”

கறை போகவில்லை. கிராணி அதையே போட்டுக்கொண்டு லயத்து வழியாக ஆபீசுக்கு நடந்தார். சனங்களுக்கு வேறென்ன வேண்டும்? பின்னால் நின்று சிரித்தார்கள். நான் பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவர் மாதிரியே நடந்து காட்டுவேன். எனக்குத்தான் கைதட்டல் அதிகம். அப்பா மட்டும் அவர் வரும்போதெல்லாம் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கக்கூடத் தெரியாத அப்பா எனக்கு வாய்த்தாரே என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஓர் எரிச்சல்.