துளசித் தொட்டியில் இறங்கிய கம்பி

பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்முற்றத்தில், சுவரோரமாக, ஒரு செப்புக் கம்பி இன்னும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. விரல் நீளம் இருக்கும். பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போக நேர்ந்தபோது பார்த்தேன். முதல் நாள் பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். எல்லோரும் காலி செய்துவிட்டார்கள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று காவல்காரன் நினைத்துக்கொண்டான். அந்தக் கம்பி என் அத்திம்பேர், அக்காவின் கணவர், புதைத்தது.

அறுபதுகளின் நடுவில் வேலை கிடைத்துப் பம்பாய்க்கு வந்தவன் நேராக அக்கா வீட்டில்தான் போய் இறங்கினேன். மூன்றாம் மாடி. இரண்டு அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு சின்ன பால்கனி. அத்திம்பேர் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. நல்ல மனிதர், ஆனால் பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தப்பு என்று தெரிந்த பிறகும் அதே வழியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத்தான் திரும்புவார். பால்கனியில் அக்கா வைத்திருந்த துளசித் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர், கீழ்த்தளத்து மராத்தி அம்மாள் முற்றத்தில் உலர்த்தியிருந்த துணிகளில் சொட்டி, ஒரு முறை பெரிய சண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த முற்றத்தில் கால் வைப்பதில்லை என்று அத்திம்பேர் விரதம் மாதிரி வைத்திருந்தார். அக்காவோ அந்த அம்மாளோடு மறுநாளே பேசிவிட்டாள்.

வீட்டுக்கு ரேடியோ வந்தது அக்காவுக்காக. கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டு கேட்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அந்த நாளில் வெறும் பெட்டியை வாங்கி வைத்தால் கொழும்பு கிடைக்காது, கரகரப்புதான் கிடைக்கும். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே ஏரியல் கம்பி கட்டி, அதிலிருந்து ஒரு கம்பியை வீட்டுக்குள் இறக்க வேண்டும். மின்னல் அடித்தால் அது அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடும் என்பதால், ஜன்னலில் ஒரு சுவிட்சு வைத்து, இடி இடிக்கும்போது அதைத் தள்ளி, ஏரியலை ரேடியோவிலிருந்து பிரித்து எர்த் கம்பியோடு சேர்த்துவிட வேண்டும். எர்த் கம்பியின் நுனி ஈரமான மண்ணில் புதைந்திருக்க வேண்டும் என்று ரேடியோவோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் படமும் இருந்தது. படத்தில் இருந்தது தோட்டத்தோடு கூடிய தனி வீடு.

எங்களுக்கு ஈரமான மண் வேண்டுமென்றால் கீழ் முற்றத்துக்குத்தான் போக வேண்டும். முற்றத்துக்குப் போனால் மராத்தி அம்மாளிடம் கேட்க வேண்டும். அத்திம்பேர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கம்பியைப் பால்கனிக்குக் கொண்டுபோய்த் துளசித் தொட்டியில் ஆழமாகக் குத்தினார்.

"ஏன்னா, துளசிக்குப் போய்க் கம்பி குத்தறேளே?" என்றாள் அக்கா.

"துளசிக்குக் குத்தலை. பக்கத்துல மண்ணுலதான் குத்தறேன். நீ தெனம் தண்ணி விடறயே, இதைவிட ஈரமான மண்ணு இந்தக் கட்டடத்துல எங்க இருக்கு?"

"தொட்டி மண்ணு பூமியாயிடுமோ?"

அவர் கம்பியை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே அழுத்தினார். அன்று இரவு கொழும்பு வேறு நன்றாகக் கேட்டுத் தொலைத்தது. அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

ஐப்பசியில் பம்பாய் மழை சும்மா விடைபெறாது, இடித்துவிட்டுத்தான் போகும். ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். வானம் கறுத்து உறுமத் தொடங்கியதும் அத்திம்பேர் எழுந்துபோய் சுவிட்சைத் தள்ளினார். "இனிமே ஒண்ணும் பயமில்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா துளசிக்கு ஏற்றுவதற்காக அகல் விளக்கோடு பால்கனி வாசல் வரை போனவள், தீப்பெட்டியை மறந்துவிட்டோமே என்று திரும்பினாள். அப்போதுதான் இடி விழுந்தது. அடுத்த காம்பவுண்டுத் தென்னை மரத்தில் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கண் இருண்டு, காது அடைத்துப் போயிற்று. பார்வை வந்தபோது அக்கா அகலைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஏரியல் வழியாக வந்தது இறங்கித் தொட்டி இரண்டாகப் பிளந்து, மண்ணிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அக்கா கையிலிருந்த அகலை வாங்கக் கை நீட்டியவர், வாங்கத் தெரியாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். மற்றவர் எதிரில் மனைவியைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனிதர்.

மறுநாள் காலையில், காபி கூடக் குடிக்காமல், முற்றத்துக்கு இறங்கிப் போய் அந்த அம்மாள் கதவைத் தட்டினார். என்ன பேசினாரோ தெரியாது. மத்தியானத்துக்குள் குழி வெட்டி, செப்புத் தகடு இறக்கி, ஈரம் காக்கக் கரியும் உப்பும் போட்டு மூடியாகிவிட்டது. அந்த அம்மாளின் ஜன்னலை ஒட்டியே கம்பி இறங்கியது.

மழை நின்றதும் குழி காய்ந்துவிடுமே என்று, தினமும் ஆபீசுக்குக் கிளம்புமுன் அத்திம்பேர் ஒரு செம்புத் தண்ணீரோடு மூன்று மாடி இறங்குவார். துளசிக்கு ஒரு நாளும் ஒரு சொட்டு விட்டவரில்லை. முன்பு மேலிருந்து கொட்டிய தண்ணீரை இப்போது கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார் என்று மராத்தி அம்மாள் இந்தியில் கேலி செய்வாள். இது ஏதோ மதராஸி சாமி என்று நினைத்து யாரோ அந்த இடத்தில் செவ்வந்திப்பூ வேறு வைத்துவிட்டுப் போனார்கள். அவர் பூவை நகர்த்திவிட்டுத் தண்ணீர் விட்டு, பூவைத் திரும்பவும் வைத்துவிடுவார்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. பெரிய ரேடியோவை விற்றுவிட்டார்கள். அப்போதும் அவர் செம்போடு இறங்குவது நிற்கவில்லை. ஒரு நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, "ரேடியோவே இல்லையே அத்திம்பேர், இன்னும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏரியல் இன்னும் மேல இருக்கே. ஒங்கக்காவும் மேலதானே இருக்கா" என்றார்.

கம்பியைக் கழற்றிவிட்டால் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அது தெரியாமலிருந்திருக்காது.

அத்திம்பேர் போய்ப் பல வருஷமாகிறது. அக்கா முலுண்டில் பிள்ளை வீட்டில், மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறாள். இடி இடித்தால் யாரும் எழுந்துபோய் எதையும் தள்ள வேண்டியதில்லை. கட்டடத்தை இடிக்கப் போவதைச் சொன்னேன். "அப்படியா" என்றாள். கம்பி இன்னும் இருக்கிறது என்று சொன்னபோதுதான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காஞ்சு கெடந்ததோடா?"

"இல்லேக்கா. ஈரமாத்தான் இருந்தது."