கோயிற்பற்று மணி

லண்டன் குட்மேய்ஸ் தெருவில் ஞாயிறு காலை தேவாலய மணி கேட்டால் என் தலை தானாகக் குனியும். பக்தி என்று நினைப்பார்கள். வெட்கம்.

2009, சித்திரை மாதம். அயல்வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, தான் பிறந்த எசெக்ஸ் பரிஷின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். கல்லறைகளைப் படமெடுக்க என்னைக் கூப்பிட்டார். மனைவியும் வந்தாள். வீட்டிலிருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய தம்பி போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டான் என்று முதல்நாள்தான் யாரோ சொல்லியிருந்தார்கள். கண்டவர் இல்லை, கேள்விப்பட்டவர்.

பரிஷ் என்றால் என்னவென்று ரயிலில் கேட்டாள். எங்கட கோயிற்பற்று மாதிரித்தான், ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர் என்றேன்.

சின்னஞ்சிறு ஊர். எந்த வயலை யார் உழுதார், எந்தக் காய்ச்சலில் எந்தப் பிள்ளை போனது, எல்லாம் ஆசிரியைக்குத் தெரியும். பற்றில் ஒருவர் இறந்தால் மணி அடிப்பார்களாம்; தூரதேசத்தில் இறந்தாலும், உறவுகள் வந்து சொன்னால் அடிப்பார்களாம். நான் பாசி பிடித்த பெயர்களைக் கவிதைபோல வாய்க்குள் உருட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவினேன்.

தேவாலய வாசலில் மனைவி தன் அரைகுறை ஆங்கிலத்தில் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாரிஸிலிருந்து வந்தவள், ஆங்கிலம் இன்னும் பிடிபடவில்லை. ஆசிரியை அவள் கையைப் பிடித்து மெல்லக் கேட்டார்: "ஹாஸ் ஹி பாஸ்ட்?"

இறந்துவிட்டானா என்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எங்களுக்கு அது வேறு சொல். வன்னியை விட்டு வெளியேற எடுத்த சீட்டுக்குப் பெயர் பாஸ். பாஸ் என்றால் சாவடி தாண்டியாயிற்று. மனைவி கண் கலங்கத் தலையாட்டினாள். "யெஸ். பாஸ், பாஸ்."

எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அவளுடைய ஆங்கிலத்தைத் திருத்த வெட்கப்பட்டு, இன்னொரு கல்லைப் படிப்பதுபோல் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஆசிரியை மணிக்கோபுரத்துக்குள் போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

மணி நிறுத்தி நிறுத்தி விழுந்தது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். தம்பி தப்பியதற்கு அடிக்கிறார்கள் என்று நினைத்தாள். இனிச் சொன்னால், அந்த மணி யாருக்கு என்றும் சொல்லவேண்டும்.

ஆசிரியை தமக்கை வீட்டில் தங்குவதாகச் சொல்லி, மனைவியை இறுக அணைத்து விடைகொடுத்தார். அவள் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சேருங்கோ, தம்பி லண்டனுக்கு வந்த உடன அவனையும் கூட்டிக்கொண்டு வாறம் எண்டு சொல்லுங்கோ."