கழற்றிக்கொண்டே பேசியவர்

ரெட்டியார்பாளையத்தில் பழைய இன்ஜின்கள் விற்கும் ஒரு கடையில் அன்று நானும் அப்பாவும் இருந்தோம். எங்கள் மெக்கானிக் இல்லை, கனகசெட்டிக்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அப்பாவின் வேனில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வேனின் இன்ஜினோ செத்துவிட்டது. வேறு ரக இன்ஜினாக மாற்றிவிடலாம் என்பது, வீட்டில் முதன்முதலாகப் படித்த என்னுடைய திட்டம்.

கடைக்காரரின் வெள்ளைச் சட்டையில் ஒரு கறை கிடையாது. ஐயா என்பதற்குப் பிரெஞ்சுக்கால வழக்கப்படி ‘முசே’ என்று சொல்லி, நம் முகத்தைப் பார்த்தே பேசுவார். கைகள் மட்டும் இன்ஜினிலிருந்து எதையாவது கழற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் பணம் கொடுத்த இன்ஜினின் ஒயர்களையும் அதை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியையும் அப்படித்தான் கழற்றினார்.

“அது வேணாமா?” என்றார் அப்பா.

“ஒங்க வண்டியிலயே இருக்கும் முசே. படிச்ச புள்ளய பக்கத்துல வச்சிக்கினு பயப்படுறீங்களே!”

வேனின் பழைய ஒயரும் பெட்டியும் இந்த இன்ஜினுக்குச் சேராது என்று மறுநாள் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். கடைக்குத் திரும்பிப் போனோம். முதல்நாள் ரசீதுக்கென்று எங்களிடம் கேட்டு வாங்கிய வேன் நம்பரைச் சாக்பீஸால் எழுதி, கழற்றிய ஒயர்களும் பெட்டியும் கட்டிய ஒரு சாக்குமூட்டை வாசலிலேயே தயாராக இருந்தது.

“தெரிஞ்சேதான் கழட்டினீங்களா?” என்று கத்தினேன்.

“கத்தாத தம்பி. ரெண்டையும் சேத்து வெல சொல்லியிருந்தா, நீங்க அன்னைக்கே எழுந்து போயிருப்பீங்க.”

அப்பா அதற்கும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கினார். உடனே அந்த மனிதர் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்து, “பாத்து முசே, படி இருக்கு” என்றார். அந்த அக்கறையில் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்ஜின் முப்பத்தைந்தாயிரம், மூட்டை பதினோராயிரம். ஆகமொத்தம் நாற்பத்தாறாயிரம் ரூபாய்.