புத்தகத்தைத் தொடக் கூடாத நாள்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு நான் படித்ததெல்லாம் சாமி பாட்டுப் புத்தகங்களும் காலண்டர் தாளின் பின்பக்கமும்தான். வேறு புத்தகங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் கால்.

ஆலங்குடி ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்ததில் அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். சில மாதம் கழித்து, "எலும்பு நல்லாக் கூடிருச்சு. இனிமே வாக்கரைப் பிடிச்சு நடக்கணும். படுத்தே இருந்தா கால் மடங்காமப் போயிரும்" என்றார் டாக்டர். இவர் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. டீக்கடையில் ஊர்க்கதை முழுக்கப் பேசுகிற மனிதர், எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும்போதுதான் நூலகம் கண்ணில் பட்டது. அவன்தான் காட்டினான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"யாருக்குக்கா பொஸ்தகம்?" என்று கேட்டார் நூலகத்து அம்மா.

"படுத்த படுக்கையா இருக்க ஒரு மனுசனுக்குங்க."

அவரே தேர்ந்தெடுத்து நான்கு கொடுத்தார்.

முதலில் வாசித்துக் காட்டியது தன்னம்பிக்கைப் புத்தகம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் வாழ்வில் உயரலாம் என்று அதில் இருந்தது. "அப்படிப் பாத்தா மாடு வச்சிருக்கவன் பூராம் கோடீஸ்வரனால்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை போதும் என்று அதில் எழுதியிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்தது ஒரு நர்ஸ் அம்மா எழுதிய சொந்தக் கதை. முதல் ஊசி போடும்போது தன் கை நடுங்கியதையும், நோயாளியே தனக்குத் தைரியம் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். அந்த இடத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். கண்ணை மூடியபடி இவரும் கேட்டார். மூன்றாவது தத்துவம், ஒல்லியான புத்தகம். எதை எதை இழந்தால் நீ நீயாக இல்லாமல் போவாய் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அரிசி களையும்போதுகூட அந்தக் கேள்வி கூடவே வந்தது. இத்தனை பேர் இத்தனை யோசித்து எழுதி வைத்திருக்கிறார்களே, இது தெரியாமல் பாதி வயதைக் கழித்துவிட்டேனே என்று இருந்தது.

நாலாவது, நாவல். தொழில் நொடித்துப்போன ஒருவன், வேறு ஊரில் வேலை தேடிப் போகப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். பஸ் வந்துவிட்டது. அந்த இடத்தில் அத்தியாயம் முடிந்தது. மறுநாள் சரஸ்வதி பூஜை. நான்கையும் செய்தித்தாளில் சுற்றிப் படத்துக்கு முன்னால் அடுக்கி, தாளின் மேல் மட்டும் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

சுண்டலைக் கையில் வாங்கியவர் கேட்டார்: "அந்தப் பய பஸ் ஏறுனானா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. விழுந்த பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி. "இன்னைக்குப் பொஸ்தகத்தைத் தொடக் கூடாதுங்க. நாளைக்குத்தான்."

"அரசாங்கத்துப் பொஸ்தகத்துக்குமா?"

"யாரு பொஸ்தகமா இருந்தாலும் சரஸ்வதி ஒருத்திதானுங்க."

"அப்ப நீயே சொல்லு. ஏறுவானா?"

"ஏறுவான்ங்க. பொண்டாட்டி பிள்ளை இருக்குல்ல."

"மாட்டான். ஒருக்கா விழுந்தவனுக்குத்தான் தெரியும். காலைத் தூக்குனாலே தரை எந்திரிச்சு மூஞ்சில மோதுற மாதிரி இருக்கும். பாக்குறவுகளுக்கு அது சோம்பேறித்தனம்."

அப்படிச் சொன்னது நான்தான். அதுவும் பலமுறை. அவர் நிறுத்தவில்லை. அந்த மனிதனைச் சாக்காக வைத்துத் தன் பயத்தையெல்லாம் பொழுது சாயும்வரை பேசித் தீர்த்தார். படிக்கக் கூடாத அந்த நாளை எங்களுக்குக் கொடுத்தவளை மனசுக்குள் கும்பிட்டேன்.

மறுநாள் பூஜை முடித்துப் புத்தகத்தை எடுத்தேன். அவன் ஏறவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கே திரும்பிவிட்டான்.

"நான்தான் சொன்னேன்ல?" என்றார். முகத்தில் சந்தோஷமே இல்லை. பிறகு அவரே, "மடப்பய. முன்னாடி வந்து நிக்குது, ஏறிருக்கலாம்."

"இன்னும் பாதிக் கதை இருக்குங்க."

"இருக்கட்டும், மூடு. அந்த வாக்கரை இங்கிட்டு நகத்து."

எழுந்து நின்றார். வாக்கரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"விட்டுறாத."

"முருகா... விடமாட்டேங்க."

கதவுவரைக்கும் ஆறு எட்டு வைத்தார். அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது சட்டை முழுக்க வேர்வை. மூச்சு வாங்கியபடி கையை நீட்டிக் கட்டில் மேல் இருந்த நாவலைக் காட்டினார்.

"இப்பப் படி. பய வீட்ல போயி என்ன சொல்லிச் சமாளிக்கிறான்னு பாப்போம்."