சூடான எஞ்சினைப் பார்க்க மறுத்தவர்

ஜப்பானின் மாத்சுமோதோ நகரில் பழைய வெளிநாட்டுக் கார் விற்பவர்கள், சுகயா தெய்ஜி கடைக்குள் நுழைந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். அரசு வாகனப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்தவர். ஓய்வுபெற்று ஏழு ஆண்டு நான்கு மாதம். கார் வாங்குகிறவர்கள் அழைத்தால் உடன் போய்ப் பார்ப்பார். பெரும்பாலும் "வேண்டாம்" என்பார். ஆசைப்பட்ட காரைக் குறை சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? அழைத்தவர்களே அவரோடு மறுபடி பேசுவதில்லை.

சென்ற அக்டோபர் பதின்மூன்றாம் தேதி, காலை பத்தேகாலுக்கு, கார் வியாபாரி மொரோசுமியின் கடைக்கு அவரை அழைத்துப் போனவர் ஹிராய்தே ஃபுமியே. அறுபத்தொரு வயதுப் பெண்மணி. முப்பத்தாறு ஆண்டு நடத்திய முடிதிருத்தகத்தை முந்தைய மாதம்தான் விற்றிருந்தார். அந்தப் பணம் முழுவதும் ஒரு கரும்பச்சை ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காருக்குப் போக இருந்தது. இருபத்தெட்டு வயதுக் கார். ஒப்பந்தம் மேசையில் தயார். கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைப் பதித்துவிட்டால் கார் திரும்பாது, பணமும் திரும்பாது.

"எமனையும் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா, ஹிராய்தே சான்?" என்றார் மொரோசுமி.

சுகயா பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கு."

"உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வச்சேன், பெரியவரே."

"அதத்தான் சொல்றேன். ஆறின எஞ்சின்தான் உண்மையச் சொல்லும். ஆறட்டும்."

இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். மொரோசுமி ஃபுமியேவுக்கு மட்டும் தேநீர் கொடுத்தார். அதற்குள் சுகயா துணி சுற்றிய காந்தத்தைக் கதவு, மட்கார்டு, கூரை என்று நகர்த்தி, நசுங்கலைப் பூச்சால் அடைத்து மறைத்த, காந்தம் ஒட்டாத இடம் உண்டா என்று பார்த்தார். இல்லை. கீழே படுத்து, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் பிடித்த துரு உண்டா என்று தட்டினார். இல்லை. ஆறிய எஞ்சினும் முதல் திருகலிலேயே புகையில்லாமல் கிளம்பியது.

"பாத்தீங்களா?" என்றார் ஃபுமியே. அந்த உறுமலைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கை பைக்குள் முத்திரையைத் தேடியது.

"நாப்பத்தோராயிரம் கிலோமீட்டர்னு மீட்டர் சொல்லுது. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு ஆயிடுச்சு. சீட்டு ஓரத்துல தோல் வெடிச்சிருக்கு."

"முந்தின ஓனர் கனமான பூட்ஸ் போடுவாரு," என்றார் மொரோசுமி. "அவரு பூட்ஸையும் பரிசோதிக்கணுமா?"

"பராமரிப்புப் புத்தகத்தக் குடுங்க."

ஒவ்வொரு பரிசோதனைக்கும் தேதி, ஓடிய தூரம், பட்டறை முத்திரை. சுகயா பூதக்கண்ணாடியால் வரிவரியாகப் படித்தார். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது. புத்தகத்தை ஃபுமியேவிடம் நீட்டினார்.

"நீங்களே படிங்க."

"ரெய்வா ஒன்னு, மார்ச் எட்டு..." ஃபுமியே நிறுத்தினார்.

மன்னர் மாறும்போது ஜப்பானில் ஆண்டுக்கணக்கும் புதுப் பெயரில் தொடங்கும்; ரெய்வா தொடங்கியது 2019 மே மாதம். பெயரையே ஏப்ரல் முதல் தேதிதான் அறிவித்தார்கள். ஃபுமியேவின் கடையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று தொலைக்காட்சி பார்த்த நாள் அது.

"பட்டறைல யாரோ கை தவறி எழுதிட்டாங்க," என்றார் மொரோசுமி.

"மார்ச்சுல எழுதினவனுக்கு அந்தப் பேரே தெரியாது. இது பின்னாடி உக்காந்து எழுதினது. கிலோமீட்டரையும் அப்படித்தான் குறைச்சு எழுதியிருக்காங்க."

"உன்னால இந்த ஊர்ல எவனாவது நிம்மதியா ஒரு கார் வாங்கியிருக்கானாய்யா?" மொரோசுமி ஃபுமியே பக்கம் திரும்பினார். "ஹிராய்தே சான், விலையக் குறைச்சுத் தரேன். கார்ல என்ன குறைன்னு இவரால காட்ட முடிஞ்சுதா?"

ஃபுமியே காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை மூடி, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் வெளியேறினார்.

பேருந்து நிறுத்தத்தில் சுகயாவிடமிருந்து நான்கடி தள்ளி நின்றார்.

"அந்தப் பக்கத்தப் பாக்காம இருந்திருக்கலாம் நீங்க."

"பாத்துட்டேன்."

"சத்தம் எவ்வளவு நல்லா இருந்துச்சு."

"சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் சுகயா.

பேருந்து வந்ததும், "நான் அடுத்ததுல வரேன்" என்று ஃபுமியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.