முயலுக்கென்று வாங்கிய வைக்கோல்

“...முயலுக்கு எண்டுதான் கடையிலை சொன்னனான். மாங்காய் பழுக்க வைக்க எண்டால் சிரிப்பினமெல்லே!” என்றபடி அக்கா, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் தன் சமையலறையில், பெட்டியிலிருந்த வைக்கோலை விலக்கினார். பழங்கள் மணத்தன.

அந்த வாசம் என்னை ஊரிலிருந்த எங்கள் பழைய வீட்டு அறைக்கே கொண்டுபோய் விட்டது. அங்கே பானை உருளாமலிருக்க வைக்கோலைத் திரித்த வளையம், அடைக்கோழிக்கு வைக்கோல் மெத்தை, மூலையில் மாங்காய் புதைத்த குவியல். எங்கள் ஐயா அதற்குள் கைவிட மாட்டார். வாசலில் நின்று மோந்துவிட்டு, “நாளைக்குத்தான்” என்பார். அண்ணனுக்கு அந்தப் பொறுமை ஏது? காவல் இருக்கிறேன் என்று குவியலிலேயே தலைவைத்துப் படுப்பார். விடிந்தால் அவர் வாயெல்லாம் மாம்பழம் மணக்கும். “காவல்காரனுக்குக் கூலி வேண்டாமோ, ஐயா?” என்று சிரிப்பார்.

அந்த அண்ணனுக்கு நாளை காலை இருதய ஆபரேஷன். பயத்தில் யாருடனும் பேசாமல் கிடந்தவர், வைக்கோலில் பழுத்த மாம்பழம் மட்டும் கேட்டிருந்தார்.

நாங்கள் அவரைப் பார்க்கப் புறப்படும் நேரம் அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் எடுத்தார். “இனி ஒண்டும் சாப்பிடக் குடுக்கக் கூடாதாம், மச்சாள்.”

அக்கா போனை வைத்துவிட்டு, பெட்டிக்குள் குனிந்து வைக்கோலை மோந்தார். பிறகு, “தின்னத்தானே கூடாது? மணக்கலாம்தானே?” என்றார்.

பழங்களை மேசையிலேயே விட்டுவிட்டு, தோய்த்துக் காய்ந்த தலையணை உறையொன்றை எடுத்து, அந்த வைக்கோலைப் பிடிபிடியாக அதற்குள் அடைக்கத் தொடங்கினார்.