பள்ளத்து வட்டைகளைக் கடைசிக்குத் தள்ளிய மேக்ரோ

1. அசையாத பொத்தான்

மறுநாள் காலை ட்ரக்டர்களில் விதைநெல் புறப்பட வேண்டும். எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, முதலில், எதற்குப் பிறகு என்ற ஒழுங்கை எங்கள் எக்செல் கோப்புக்குள் எழுதிவைத்த மேக்ரோ என்ற சிறு நிரல்தான் போட்டுத்தரும். அன்று பொத்தானை எத்தனை தரம் அழுத்தியும் அது அசையவில்லை.

களுவாஞ்சிக்குடியில் இருந்தது எங்கள் நிவாரண அலுவலகம். வைரஸ் பிடித்த கணினியைத் துடைத்து, விண்டோஸையும் ஒபிஸ் சொப்ட்வெயரையும் புதிதாகப் போட்டுவிட்டு டெக்னீசியன் போயிருந்தார். சுனாமி நேரத்தில் நிவாரணப் பொருள்களை அனுப்புவதற்காக அந்த மேக்ரோவை எழுதிய வெளிநாட்டுத் தொண்டர் எப்போதோ நாடு திரும்பிவிட்டார். சண்டை முடிந்து, வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குச் சனங்கள் மீண்டபோது அதை விதைநெல்லுக்கு ஏற்றபடி மாற்றியவள் நான். ஆகவே அது என் பொறுப்பு.

எங்கள் பொறுப்பாளர் சேர் பின்னால் வந்து நின்றார்.

“கொழும்புக்குக் கோல் எடுப்பமா பிள்ளை? ஆள் வர ரெண்டு மூணு நாள் எடுக்கும்.”

“பின்னேரம் மட்டும் பொறுங்க சேர்.”

வாசல் வாங்கில் சின்னத்தம்பி அண்ணன் குந்தியிருந்தார். பள்ளத்து வட்டைக்காரர்களின் சங்கத் தலைவர். “என்ன புள்ள, பெட்டி உன்னோட கோவமோ?” என்றார்.

“கோவமில்ல அண்ணன். புதுச் சட்டை போட்டிரிக்கி, ஆள் இன்னும் என்னை அடையாளம் பிடிக்கல்ல.”

“சுறுக்காப் பிடிக்கச் சொல்லுகா. மழை இருட்டிக்கிட்டு வருது. எங்கட பள்ளத்துல தண்ணி ஏறினா மறுகா விதைக்கேலாது. ஊருக்கு வந்து இதுதான் முதல் போகம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. காணாமற்போன லைப்ரரி

முதல் சிக்கல் லேசானது. புதிய ஒபிஸ், மேக்ரோ செக்கியூரிட்டியை உயர்ந்த நிலையில் வைத்திருந்தது. நடு நிலைக்கு இறக்கி, கோப்பை மூடித் திறந்து, மேக்ரோவுக்கு அனுமதி கொடுத்தேன். பொத்தான் வேலை செய்தது. உடனே அடுத்த பிழை: ஏதோ ஒரு லைப்ரரியைக் காணவில்லையாம், மஞ்சள் கோடு நின்ற வரியிலோ எந்தக் குற்றமும் இல்லை.

இங்கேதான் பலர் நல்ல வரியை அழித்துத் திருப்பி எழுதத் தொடங்குவார்கள். நான் கைவைக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, டூல்ஸ் மெனுவில், மேக்ரோ துணைக்கு எடுக்கும் லைப்ரரிகளின் பட்டியலான ரெஃபரன்ஸைத் திறந்தேன். ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லோடு ஒரு வரி நின்றது. பழைய பதிப்போடு வந்த கலண்டர் கருவி அது. தொண்டர் சேர்த்துவிட்டுப் பயன்படுத்தாமலே விட்டிருந்தார். அதன் முன்னால் இருந்த சரி அடையாளத்தை நீக்கினேன். மேக்ரோ ஓடியது.

“அப்பாடா! பிரின்ட் எடுங்க பிள்ளை,” என்றார் சேர்.

3. பிழையே காட்டாத பிழை

பிரின்ட் கொடுக்கப் போன கை நின்றது. மேட்டு வட்டைகள் மேலே இருந்தன. பள்ளத்து வட்டைகள் எல்லாம் அடியில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு எப்போதும் பெருமை. ஆனால் அப்பா பள்ளத்துக் காணிகளில் கூலிக்கு விதைத்தவர். மழைத் தண்ணீர் தேங்குமுன் பயிர் நிமிராவிட்டால் என்ன ஆகும் என்று படிக்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

“சேர், இது பிழை.”

“பிழையெண்டு ஒண்டும் காட்டல்லையே?”

“அதுதான் சேர் பயம்.”

எந்த வட்டையின் விதைப்புத் திகதி முந்தியதோ அதைத்தான் மேக்ரோ மேலே போடும். திகதிகளைப் பார்த்தேன். பள்ளத்துக்குப் பத்தாம் மாதம் பதினோராந் திகதி; மேட்டுக்கு அதே மாதம் இருபதாந் திகதி. நாங்கள் நாளை முன்னே வைத்து 11/10, 20/10 என்று எழுதியிருந்தோம்; புதிய விண்டோஸோ அமெரிக்க முறையில் இருந்தது. மாதத்தை முன்னே வைத்து வாசித்ததால், பள்ளத்தின் திகதி பதினோராம் மாதம் பத்தாந் திகதி ஆகிவிட்டது. இருபது என்று ஒரு மாதம் இல்லாதபடியால் மேட்டின் திகதி மட்டும் சரியாகவே நின்றது. பாதி சரியாக இருந்ததால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

செட்டிங்கை மாற்றினால் போதும். நான் அதோடு விடவில்லை. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கும்படி மேக்ரோவையே திருத்தினேன். இனி எவர் எந்த முறையில் விண்டோஸ் போட்டாலும் அது ஏமாறாது.

திரும்ப ஓட்டினேன். பள்ளத்து வட்டைகள் மேலே வந்தன.

“அண்ணன், நாளைக்கு முதல் ட்ரக்டர் உங்கட வட்டைக்குத்தான்!”

“புள்ள, அந்தப் பெட்டிக்கும் ஒரு பிளேன்டீ குடுகா!” என்று கத்திவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

அந்த மாதக் கடைசியில் மழை கொட்டியபோது பள்ளத்துப் பயிர் தண்ணீருக்கு மேலே நின்றது. அதற்குப் பிறகு கணினி மக்கர் செய்த எந்த நாளிலும் சேர் கொழும்புக்குக் கோல் எடுக்கவில்லை. என் மேசைக்குத்தான் வந்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தங்கைமாருக்கு நான் சொல்வது இதுதான். சொப்ட்வெயரைத் திரும்பப் போட்ட பிறகு, மேக்ரோ ஓடுகிறது என்றவுடன் எழும்பிவிடாதீர்கள். சரியான விடை உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். விடை பிழையாக வந்தால், யார் அவசரப்படுத்தினாலும் பிரின்ட் கொடுக்காதீர்கள்.